பாபநாசம் படித்துறையிலிருந்து: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

பள்ளிக்கூடங்கள் அடைக்கிற நேரம் வந்தால் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடும். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் தாமிரபரணி பற்றியவை. அதிலும் பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அது ஓடுகிற பகுதி பற்றி. அதனால் இந்தத் தடவை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பா ஆற்றங்கரைப் பஞ்சாலையில் வேலை பார்த்தார். நான் பக்கத்து ஊரில் முப்பத்தோரு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன்.

டீச்சர், எழுபது வயது மாமியார், எட்டும் ஐந்துமாக இரண்டு பிள்ளைகள். கையில் இரண்டே நாள். பாபநாசத்தில் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?
ஓர் இல்லத்தரசி, அருப்புக்கோட்டை

முதல் நாள் மலையேற வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பாபநாசம் வந்துவிடுங்கள். கோயிலுக்கு முன்னால் படித்துறை இருக்கிறது. மாமியாரைக் கீழ்ப்படிகளில் உட்காரவைத்து, கால் இரண்டையும் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் வந்து பாதத்தைக் கொத்த ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு மணி நேரத்துக்குப் போதும். எட்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள், பாசி பிடித்த படி வழுக்கும். உச்சிக்கால பூஜைக்கு நடை சாத்துவதற்கு முன் பாபநாசநாதரையும் உலகம்மனையும் பார்த்துவிட்டால் மத்தியானம் வெயிலில் அலைய வேண்டியதில்லை. அறைக்குப் போய்த் தூங்குங்கள். சாயங்காலம் திரும்பவும் ஆற்றுக்கு வாருங்கள்.

மறுநாள் காலையில் சீக்கிரமே அகத்தியர் அருவி. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட் எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாதத்தைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அருவியின் நல்ல குணம், மற்ற அருவிகள் வறண்டு கிடக்கும் மாதங்களிலும் இதில் தண்ணீர் விழும். அதனால்தான் குற்றாலத்தில் ஏமாந்தவர்கள் எல்லாரும் வண்டியை இங்கே திருப்புகிறார்கள். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் கூட்டமில்லாமல் குளிக்கலாம். அருவிக்கு மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். மாமியாருக்கு அது வேண்டாம். நீங்களும் பெரிய பிள்ளையும் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது, ஆழம் அதிகம்.

நேரம் இருந்தால் காரையாறு போகும் பஸ்ஸில் ஏறிச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இறங்குங்கள். கோயிலை ஒட்டியே ஆறு போகிறது. அங்கே பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பிள்ளைகள் கட்டாயம் ஏன் என்று கேட்கும். காவல் தெய்வம் ராத்திரியில் காடு முழுக்க நடக்கிறது, அதற்குத்தான் செருப்பு என்று என் பாட்டி எனக்குச் சொன்னாள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டும் போகாதீர்கள். அப்போது அங்கே கூடுகிற ஜனத்தில் ஆறே தெரியாது.

மணிமுத்தாறு அருவியை இந்தத் தடவை விட்டுவிடலாம். இரண்டு நாளில் நாலு இடத்துக்கு ஓடினால் ஆற்றில் உட்கார நேரமிருக்காது.

முண்டந்துறையில் புலியைப் பார்க்க முடியுமா?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், சிவகாசி

ரொம்பக் கஷ்டம், தம்பி. இது அடர்ந்த மலைக்காடு, புல்வெளியில் ஜீப் ஓட்டிக்கொண்டு தேடுகிற இடம் கிடையாது. இத்தனை வருடத்தில் நான் புலியைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, சேர்வலாறு பக்கம் ஈர மணலில் கால்தடம் பார்த்தேன். என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், முழுசாக உள்ளே அடங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். சாலையோர மரங்களில் கருமந்தி இருக்கும், உடம்பு கறுப்பு, தலைமுடி மட்டும் பழுப்பு. காலையில் பாறை இடுக்கிலிருந்து ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். பையன் ஒருவன் பாட்டு மறந்துபோய் இழுத்து இழுத்து விசிலடிக்கிற மாதிரி இருக்கும். அதுதான் சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, நெற்றியில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. ஓடும் தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கும். அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாய்க் குடும்பத்தையும் பார்ப்பாய், தலையை மட்டும் வெளியே நீட்டி வரிசையாக நீந்தும். அவற்றைப் பார்த்தால் அசையாமல் உட்கார். மீன் வளமாக இருக்கிற ஆற்றில்தான் நீர்நாய் குடியிருக்கும்.

கல்யாணமான புதிதில் காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் போனோம். இப்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்தக் காலம் மாதிரி விடுவதில்லை. மூடி மூடி வைத்தால் காடு யாருக்குத்தான், டீச்சர்?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவில்பட்டி

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அந்தப் படகில் நானும் போயிருக்கிறேன். படகு ஒரு மலைத்திருப்பம் திரும்பும்போது முதலில் சத்தம் வரும், அப்புறம் முகத்தில் சாரல், அதற்கும் பிறகுதான் வெள்ளையாக அருவி. அணை நிறைந்திருக்கும் காலத்தில் அருவி விழுந்து நேராக அணைத்தண்ணீரில் கலக்கும். கண்ணை மூடினால் இப்போதும் எனக்கு அந்தக் குளிர்ச்சி தெரிகிறது. அதைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை என்பது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் கட்டுப்படுத்தியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவிடுங்கள்.

பாணதீர்த்தத்துக்கு மேலே போனால் பூங்குளம், அதற்கும் மேலே பொதிகை உச்சி. அகத்தியமலை என்றும் சொல்கிற அந்த உச்சி 1,868 மீட்டர். அந்தச் சரிவு முழுக்கச் சோலைக்காடும் புல்வெளியும். தென்மேற்குப் பருவமழையும் அங்கே பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்கிறது. ஒரு தடவை உரிய அனுமதி வாங்கிக்கொண்டு, கல்லூரிப் பேராசிரியர்கள் சிலருடன் மேல்காட்டுக்குள் போயிருந்தேன். ஒரு மரத்தடியில் இலைச்சருகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை உள்ளே போனது, அடியில் மண் ஈரமாக, காபித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்த சமயம் அது. அந்தச் சருகும் வேரும் மண்ணும் சேர்ந்துதான் ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுச் சித்திரை மாதம் நமக்கு ஆறாக அனுப்புகின்றன. அணைகள் 1940களிலிருந்துதான் வந்தன. அவை வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த ஆற்றில் மேலேயிருந்து கீழே வரை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு தடுப்பணைகள் கட்டி நெல் விளைவித்தார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எட்டாவது. 

அந்தக் காடு கலைந்தால் என்ன ஆகும்? மழை பெய்த அன்றைக்கே தண்ணீர் எல்லாம் அடித்துக்கொண்டு வந்துவிடும், மறு மாதம் ஆற்றில் மணல்தான் இருக்கும். 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இந்த ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சார், நீங்கள் கோவில்பட்டியில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் சீவலப்பேரியில் எடுக்கிற தாமிரபரணிதானே. காடு யாருக்கு என்று கேட்டீர்களே, உங்கள் பேரப்பிள்ளைக்குத்தான். காலையில் பல் விளக்கும்போது அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது பாணதீர்த்தத்தில் விழுந்து வந்த தண்ணீர்.

இன்னொன்றும் இருக்கிறது. மேல்காட்டில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. அது பெரும்பாலும் தரைக்கு இறங்காது, கிளையோடு கிளை பின்னிக் கிடக்கிற காடு அதற்கு வேண்டும். இருவாச்சிக்கு முட்டையிட வயதான மரத்தில் பெரிய பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்த நேரத்தில் மரத்தடியில் நூறு பேர் வந்து பாட்டுப்பெட்டி வைத்தால் ஆண் பறவை கிட்டே வராது. பாறைச்சரிவுகளில் வரைக்கமுகு என்று ஒரு பனை இனம் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. யானைக்கு அதன் குருத்து ரொம்பப் பிடிக்கும். யானை எட்டாத செங்குத்துப் பாறைகளில்தான் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்த அன்று, புத்தகத்தில் இருபது வருடமாகப் பாடம் நடத்திய எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முண்டந்துறை 1962இல் சரணாலயம் ஆனது, களக்காடு 1976இல். இரண்டையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான், இன்றைக்கு அதன் மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். பெயர் புலியினுடையதாக இருந்தாலும் பதினான்கு ஆறுகளும் ஓடைகளும் பிறக்கிற இடம் என்பதால் இதை நதிகளின் சரணாலயம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

காட்டுக்குள் மனிதர்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. கிழங்கு, மிளகு, தேன் என்று அவர்கள் வாழ்வே அந்தக் காட்டோடுதான். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் குறையும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு காணிக்காரப் பெரியவர்தான்.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. எந்த இடத்துக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை அடிவாரத்திலேயே, பஸ் நிற்கிற இடத்திலேயே, பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வயதானவர்கள் நூறு கிலோமீட்டர் வந்து, மலையேறி, அங்கே போய்த் திரும்புவது கொடுமை. அனுமதி அவ்வப்போது மாறுகிறது. மழை, காட்டுத்தீ, புலிக் கணக்கெடுப்பு என்று மூடுவார்கள், திறப்பார்கள். கிளம்பும் முன் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாஞ்சோலைக்குக் கேட்டு எழுதியிருந்தவர்களுக்கும் இதுவே பதில்.

அமாவாசைக்குப் பாபநாசம் போகிறோம். உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வந்தால்தான் பீடை கழியும் என்கிறார் அத்தை. எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிச் சொல்வது?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், ராஜபாளையம்

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் அம்மா.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படித்துறைக்குக் கீழே துணி அகற்றப் போனோம். சேலை ஒன்றின் நுனி மணலில் தெரிந்தது. இரண்டு பையன்கள் இழுத்தார்கள், வரவில்லை. ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். சேலைக்குள் வேட்டி, வேட்டிக்குள் இன்னொரு சேலை, சட்டை, பாவாடை எல்லாம் முறுக்கி, மணல் இறுகி, வடம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. மருத மரத்து வேரில் சுற்றி இறுகிப்போன சிலவற்றை அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தோம். அதற்குள் செத்த மீன்களும் ஓர் ஆமையும் கிடந்தன. அந்த ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது வரும் சேலைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி மாதிரி மக்காது. நீச்சல் தெரிந்தவர் காலில் சுற்றினாலும் மேலே வர முடியாது. ஒருவர் பீடை என்று விட்டது இன்னொருவர் உயிரைக் குடிக்கும்.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதே படித்துறையில்தான் திதி கொடுத்தோம். எள்ளும் தண்ணீரும் இறைத்து, மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்துணியை அம்மா பிழிந்து வீட்டுக்குத்தான் கொண்டுவருவாள். பாவத்தை நாசம் பண்ணுகிற தீர்த்தம் என்று இந்த ஊருக்கே பெயர். முழுக்கில் போகாத பாவம் துணியை விட்டால் போகுமா என்று கேளுங்கள். அதற்கும் மனசு ஆறவில்லை என்றால், உடுத்தியதை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு புது வேட்டியோ சேலையோ வாங்கி, இல்லாதவர் ஒருவருக்குக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அத்தை வயதில் இருப்பவர்களுக்குத் தானம் என்ற சொல் நன்றாகவே புரியும்.

படித்துறை மீன்களுக்குப் பொரி போடலாமா? சோப்புக்குப் பதில் சீயக்காய் தேய்த்துக் குளிக்கலாமா?
கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பிள்ளைகள் ஆசைக்கு ஒரு பிடி பொரி. அதற்கு மேல் வேண்டாம். மசாலா தடவிய நொறுக்குத் தீனி, பிஸ்கட், பாக்கெட்டோடு எறிவது, இவை கூடவே கூடாது.

சீயக்காய் கேள்வி நல்ல கேள்வி. இயற்கைப் பொருள்தானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சீயக்காயில் நுரைக்கிற சபோனின் இருக்கிறது, அது மீனின் செவுளுக்கு ஆகாது. மருக்காரைக் காயை இடித்து ஓடையில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கிற பழைய வழக்கம் உண்டு. அதிலும் வேலை செய்வது இதே சரக்குதான். தலைக்கு வீட்டில் குளித்துவிட்டு வா. ஆற்றில் வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலே போதும், உடம்பு பட்டு மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் எட்டுப் பேரும் நன்றாக நீந்துவோம். ஆள் இல்லாத இடமாக ஆற்றில் ஒரு நல்ல இடம் சொல்லுங்கள்.
நண்பர்கள் குழு, மதுரை

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1971 கோடையில் என் மாமா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கிணற்றில் மூன்று ஆள் ஆழத்துக்கு முங்கிக் காசு எடுப்பவன். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவன், அடுத்த அடியில் காணாமல் போனான். அந்த இடத்தில் கசம் இருந்தது. இந்தப் பக்கத்தில் ஆற்றுக்குள் திடீரென்று ஆழமாகிற பள்ளத்தைக் கசம் என்போம். மேலே தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் பாறைக்குடைவுக்குள் இழுக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நனைந்த சேலையை வீசினாள். அவன் கையில் அது பட்டது. அவ்வளவுதான், பிழைத்தான். இன்றைக்கும் அவன் ஆற்றில் இடுப்புக்கு மேல் இறங்குவதில்லை.

கிணறு வேறு, ஆறு வேறு. மேலே மலையில் மழை பெய்தாலோ அணையில் தண்ணீர் திறந்தாலோ, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் ஏறிவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால் அந்த நிமிஷமே கரையேற வேண்டும், பையைத் தேடக்கூட நிற்கக் கூடாது. 2023 டிசம்பரில் இந்த ஆறு எப்படி வந்தது என்று நாங்கள் பார்த்தோம். பத்துப் பேர் குளிக்கிற படித்துறையில், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். தண்ணீர் அங்கேயும் இதே தண்ணீர்தான்.

முட்டி தேய்ந்துவிட்டது. மலையேறவோ படியிறங்கவோ முடியாது. ஆற்றை நன்றாகப் பார்க்க எனக்கு ஏதாவது இடம் உண்டா, டீச்சர்?
எண்பத்திரண்டு வயது வாசகி, திருநெல்வேலி

உண்டு, பெரியம்மா. தை மாதம் கல்லிடைக்குறிச்சிக்கு வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். கரையில் பெரிய மருத மரங்கள் நிற்கின்றன, பட்டை உரிந்து யானைத்தோல் நிறத்தில் இருக்கும். அடியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம், இறங்க வேண்டியதே இல்லை. மேற்கே பொதிகை மலை முழுசாகத் தெரியும். மழை ஓய்ந்த மாதம் என்பதால் மேகம் விலகியிருக்கும்.

அதே மாதத்தில்தான் நெல்லைப் பக்கத்துக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2011இலிருந்து நடக்கிறது, ஊர்க்காரர்களும் மாணவர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள். நானும் வருடா வருடம் ஒரு குளத்தில் நிற்பேன். நாலரை மணிக்கு மேல் நீர்க்காகங்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றை ஒட்டித் திரும்பும், கொக்குகள் அதற்குக் கொஞ்சம் பின்னால். இருட்டும் நேரத்தில் மருத மரத்துப் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். வருகிற தேதியை எழுதுங்கள். ஃபிளாஸ்கில் சுக்குக்காபி போட்டுக்கொண்டு நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.